எட்டாவது வீட்டின் அடுக்களை

ஒரு வெள்ளிக்கிழமை விடிகாலையில், எட்டாவது வீட்டின் புது அடுக்களையில் நான் அடுப்பைப் பற்றவைத்தேன்.

கோட்டாற்றுப் பள்ளிவாசலில் பாங்கு சொல்லி முடிந்திருந்தது. சர்ச் மணி இன்னும் அடிக்கவில்லை. வீட்டின் பின்சுவரை ஒட்டித் தகரம் சரித்துப் போட்டிருந்த சாய்ப்பிலிருந்து கேஸ் சிலிண்டரை நானேதான் கொண்டுவந்தேன். உருட்டினால் சத்தம் வரும் என்று சாக்கு ஒன்றை விரித்து, அதன்மேல் நிறுத்தி இழுத்தேன். தரையில் கீறல் விழுந்துவிடக் கூடாதே என்ற கவலை வேறு.

டியூபை மாட்டித் திருகியதும் பற்றிக்கொண்டது. கண்ணாடி போட்ட நாலு பர்னர் அடுப்பு அது. அரை லிட்டர் பால் பாக்கெட்டை வெட்டி ஊற்றிவிட்டுப் பக்கத்திலேயே நின்றேன். பொங்கி வந்தபோது உடனே அணைக்கவில்லை. கொஞ்சம் வழியட்டும் என்று விட்டேன். பால் பர்னரில் விழுந்து சுரீர் என்றது.

திருடப் போனவளைப் போல நெஞ்சு அடித்துக்கொண்டது. அந்த வீடு எங்கள் பெயரில்தான் இருந்தது. பத்திரம் பீரோவில் இருந்தது. அடுப்பும் நாங்கள் வாங்கியதுதான்.

ஐந்தாவது வீட்டில் சாரைப்பாம்பு வந்த கதையைச் சென்ற வாரம் படித்துவிட்டு ஒரு வாசகி போனில் பேசினார். "இத்தனை வீட்டைப் புதுசாக்கி வித்திருக்கீங்களே, உங்க கிச்சன் எப்படி இருக்கும்?" என்று கேட்டார். நான் சிரித்து மழுப்பிவிட்டுப் போனை வைத்தேன். அவருக்குச் சொல்லாமல் விட்ட பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன்.

சாய்ப்புக் குடித்தனம்

இந்தத் தொடரை இப்போதுதான் கையில் எடுத்தவர்களுக்காகக் கொஞ்சம் பழங்கதை. என் வீட்டுக்காரர் பெயர் சுயம்பு. மஸ்கட்டில் டைல்ஸ் ஒட்டப் போய், முட்டி தேய்ந்து ஊர் திரும்பியவர். வந்தபிறகு இன்னொருவர் வீட்டில் கூலிக்கு முட்டி போட மனசு வரவில்லை. பழைய வீடொன்றை வாங்குவது, உடைக்க வேண்டியதை உடைத்து, மாற்ற வேண்டியதை மாற்றி, புதுவீடாக்கி விற்பது, விற்றதும் அடுத்த பழைய வீட்டைத் தேடிப் போவது. இருபது வருடமாக இதுதான் பிழைப்பு.

வேலை நடக்கும் வீட்டிலேயே குடியிருப்போம். வாடகை மிச்சம், சிமெண்டு மூட்டைக்கும் காவல். மழை ஒழுகும்போது குடியேறி, ஒழுகல் நிற்கும்போது வெளியேறுவோம். கக்கூஸ் கதவு சரியாகச் சாத்துகிற நாள் வந்துவிட்டால், சாமான் கட்ட வேண்டியதுதான் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

எங்கள் மகள் படித்த காலத்தில் பள்ளிக்கூடத்தில் முகவரியை மாற்றிக் கொடுத்துக்கொண்டே இருந்தோம். சலித்துப்போன கிளார்க், பிறகு பென்சிலால் எழுத ஆரம்பித்துவிட்டார். ரேஷன் கார்டு மட்டும் இன்றுவரை என் அண்ணன் வீட்டு முகவரியில் இருக்கிறது. அரசாங்கக் கணக்கில் நான் கல்யாணமாகிப் போகவே இல்லை.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது இவருடைய ஒரு சட்டம். விற்கப்போகும் வீட்டின் புது அடுக்களையில் அடுப்புப் பற்றவைக்கக் கூடாது.

காரணம் இல்லாமல் இல்லை. எங்கள் பக்கம் வீடு வாங்குகிறவர்கள் எந்த மதமானாலும், குடிபோகும் நாளில் புது அடுப்பில் பால் காய்ச்சிப் பொங்கவிடுவார்கள். பால்காய்ப்பு என்று சொல்லிப் பத்துப் பேரைக் கூப்பிட்டு, எல்லாருக்கும் ஆளுக்கொரு வாய் கொடுப்பார்கள். அந்த முதல் பால் தன்னுடையதாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் ஆசை. அறுபது வருடம் மூன்று தலைமுறை சமைத்துக் கரிபிடித்த வீடாக இருக்கும். பழைய மேடையை இடித்துப் புது ஸ்லாப் போட்டு, கிரானைட் ஒட்டி, அடியில் அலமாரி மாட்டி, புது அடுப்பும் வைத்துவிட்டால் அது யாரும் தொடாத அடுக்களை ஆகிவிடும்.

"அடுப்பே பத்த வைக்காத அடுக்களையாக்கும், பாத்துக்கிடுங்க" என்று இவர் சொல்வார். கேட்கிறவர்களின் முகம் மலர்ந்துவிடும். கூட வந்த பெண்கள் அடுப்பைத் தடவிப் பார்ப்பார்கள்.

அதனால் நான் சமைத்ததெல்லாம் சாய்ப்பில். ஏழு வீடு, ஏழு சாய்ப்பு. பெயிண்ட் டப்பாவும் தின்னர் கேனும் அங்கேதான் இருக்கும், ரெண்டு பர்னர் உள்ள பழைய அடுப்பும் அங்கேதான். எவ்வளவு மூடி வைத்தாலும் தின்னர் வாடை சோற்றில் ஏறிவிடும். சாயாவில் சொல்லவே வேண்டாம். மூக்குக்குப் பழகிவிட்டது, நாக்குக்குப் பழகவில்லை.

அந்தப் பக்கம் உள்ளே, நான் வாரம் ஒருமுறை துடைத்து வைக்கும் அடுக்களை பளபளவென்று இருக்கும். அதில் நான் நின்றதெல்லாம் துடைக்கிற துணியோடுதான்.

நாலு விரல்

எட்டாவது வீட்டைக் கோட்டாற்றில் ஒரு சந்துக்குள் வாங்கினோம். கார் உள்ளே வராது. ஸ்கூட்டர் வந்தால் எதிரே வருகிறவர் படியேறி நிற்க வேண்டும். மத்தியானமானால் மளிகைக் கடைகளிலிருந்து மிளகும் கருப்பட்டியும் கலந்து ஒரு மணம் வரும். பின்னால் ஒரு கிணறு, ரெண்டு வாழை. அயனி மரத்தில் செய்த கதவுகள். சுவருக்குப் பட்டி போட்டுத் தேய்க்கும் தூசி அடங்கியதும் அந்தக் கதவுகளைத் தேங்காய் எண்ணெய் தொட்டு நானே துடைத்தேன்.

என்னவோ, அந்த வீடு எனக்குப் பிடித்துப்போயிற்று. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

"இதை வித்துராதீங்க" என்றேன் ஒருநாள்.

இவர் சிமெண்டு கையோடு என்னைப் பார்த்தார். "நானே கேக்கணும்னு நெனச்சேன். எனக்கும் முட்டி ஏலாது ஏட்டி. இது நமக்காக்கும்" என்றார்.

நம்பவில்லை என்று சொன்னால் பொய். மூன்றாவது வீட்டிலும் ஆறாவது வீட்டிலும் இதையே சொன்னவர்தான். ஆனால் இந்தத் தடவை ஒரு காரியம் செய்தார். ஸ்லாப் வார்ப்பதற்கு முன்னால் என்னைக் கூப்பிட்டுச் சுவரோரம் நிறுத்தினார். நான் குட்டை. விற்கிற வீடுகளின் ஸ்லாப் என் வயிற்றுக்கு மேலே வந்துவிடும்.

"முழங்கைய மடக்கு" என்றார். மடக்கினேன். அதிலிருந்து நாலு விரல் இறக்கிச் சுண்ணாம்புக் கட்டியால் சுவரில் கோடு போட்டார்.

"இந்த ஒசரத்துக்குப் போட்டா ஒருத்தனும் வாங்க மாட்டான்" என்று தலைமைக் கொத்தனார் சிரித்தார்.

"விக்கதுக்கு இல்லவே" என்றார் இவர்.

அந்தக் கோட்டை அழிக்கும்வரை நான் தினமும் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐம்பது வயதில் சுவரில் இருக்கும் கோட்டைப் பார்த்துச் சந்தோஷப்படுவது வெட்கமாகத்தான் இருந்தது.

வேலை முடிந்தது. ஒரு வாரம் போயிற்று. 'சாய்ப்பைப் பிரித்துவிடலாமா' என்று நான் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. அதற்குள் இவரிடம் அந்தப் பழைய அமைதியின்மை வந்துவிட்டது. வேலை முடிந்த வீட்டில் இவருக்கு உட்காரத் தெரியாது. சரியாக இருக்கும் குழாயைத் திருகிப் பார்ப்பார். ஆடாத கதவை ஆட்டிப் பார்ப்பார். போனில் புரோக்கரோடு மண்டைக்காட்டுப் பாதையில் ஏதோ ஓட்டு வீட்டைப் பற்றிக் குரலைத் தாழ்த்திப் பேச ஆரம்பித்தார்.

சட்டம் போட்டவரை அவர் சட்டத்தாலேயே கட்டிப்போட வேண்டும் என்று தோன்றியது. நான் பால் காய்ச்சிவிட்டால் அது அடுப்புப் பற்றவைக்காத அடுக்களை இல்லை. பிறகு எந்த வாயால் விற்பார்? அதனால்தான் அந்த வெள்ளிக்கிழமை.

அரைக் கிளாஸ்

காய்ச்சிய பாலில் அப்படியே சாயா போட்டேன். இவர் கிணற்றடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். கிளாஸைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஒரு வாய் குடித்தார். கிளாஸுக்குள் பார்த்தார். பிறகு அடுக்களை ஜன்னலைப் பார்த்தார். நான் வாழை இலையில் எதையோ தேடுவதுபோல நின்றேன்.

"இன்னும் அரக் கிளாஸ் இருக்கா?" என்றார்.

இவர் இரண்டாவது தடவை சாயா கேட்டு நான் கண்டதில்லை. உச்சி குளிர்ந்துபோய் ஓடி எடுத்துவந்தேன். மாலையில், இவர் டைல்ஸ் கடைப் பாக்கியைக் கொடுத்துவிட்டு வந்து சாய்ந்து உட்காரும்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். எப்படித் தொடங்குவது என்பதைக்கூட மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

ஒன்பது மணிக்குப் புரோக்கர் போன் வந்தது.

"ஒரு பார்ட்டி சும்மா பாக்க வருதாம். காட்டி விட்டுருவோம், என்ன?" என்றார் இவர், என் முகத்தைப் பார்க்காமல்.

'சும்மா பார்க்க' என்ற வார்த்தையை நான் இருபது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதற்கு என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று இன்று எனக்குத் தெரியும். அன்று நான் செய்தது வேறு. அடுக்களைக்குள் போனேன், டியூபைக் கழற்றினேன், சாக்கை விரித்து சிலிண்டரைச் சாய்ப்புக்கு இழுத்துக்கொண்டு போனேன், ஸ்லாப்பைத் துடைத்தேன், ஜன்னலைத் திறந்து பால் மணத்தை வெளியேற்றினேன். யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை. ஆள் வருகிறது என்றால் வீட்டைத் தயார் செய்வது என் வேலை. கை அதுபாட்டுக்குச் செய்துவிட்டது.

செய்து முடித்த பிறகுதான் என்ன செய்தேன் என்று புரிந்தது. அப்போதும் நேரம் இருந்தது.

குறை சொல்லிக் காட்டியது

வந்தவள் பெயர் ஸ்டெல்லா. தேங்காய்ப்பட்டணத்துப் பெண். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். வளைகுடாவில் பதினாலு வருடம் நர்ஸ் வேலை பார்த்துவிட்டு, இனிப் போவதில்லை என்று திரும்பியிருந்தாள். கடல் பக்கத்திலேயே இருக்க அவளுக்கு விருப்பமில்லை. தனியாகத்தான் வந்திருந்தாள். இவரும் புரோக்கரும் முன்னறையில் நின்றார்கள். அடுக்களையைக் காட்டுவது எப்போதும் என் பங்கு.

அவளை எப்படியாவது திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன். அதற்கு எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். உண்மையைச் சொல்வது.

இந்தத் தொழிலில் நாங்கள் பொய் சொல்வதில்லை. ஆனால் உண்மையைக் கேட்காமல் சொல்வதும் இல்லை. எங்கள் மாவட்டத்துக்கு ரெண்டு மழைக்காலம். ஆனி ஆடிச் சாரல் ஒன்று, ஐப்பசி கார்த்திகை ஒன்று. ரெண்டிலும் வீடு காட்ட மாட்டோம். எந்தச் சுவரில் ஓதம் ஏறும் என்பது மழையில்தான் தெரியும். வெயில் காலத்தில் பூசி மெழுகிக் காட்டி, மழைக்கு முன் பத்திரம் முடித்துவிடுவோம். வெட்கப்பட வேண்டிய விஷயம்தான். ஊரில் எல்லாரும் செய்வது என்று சொல்லிச் சமாதானப்படுத்திக்கொள்வேன்.

ஸ்டெல்லாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"மேக்கால இருக்க சொவரு ஐப்பசியில வேர்க்கும் மக்கா. என்ன பெயிண்ட் அடிச்சாலும் முழங்கால் ஒசரத்துக்கு ஓதம் வரும்."

"சரி."

"கார் உள்ள வராது. சிலிண்டர் வண்டிக்காரன் தெருமொனையில வச்சிட்டுப் போயிருவான்."

"எனக்குக் கார் இல்லக்கா."

"பக்கத்து வீட்டு மோட்டார் காலத்த அஞ்சு மணிக்கு ஓடும். ஒறங்க முடியாது. மழைக்கு இந்த ஜன்னல் வழியா எறும்பு வரும். பிறகு இந்த ஸ்லாப் பாரு, வழக்கமான ஒசரம் கிடையாது. தாழ்த்திப் போட்டிருக்கு. எல்லாருக்கும் ஒத்து வராது."

கடைசியில் சொன்னதை நான் பெரிதாக நம்பியிருந்தேன். ஸ்டெல்லா ஸ்லாப் அருகே போய் நின்றாள். அப்போதுதான் கவனித்தேன், அவளும் என் உயரம்தான். முழங்கையை மடக்கி மேடைமேல் வைத்தாள். தோள் தளர்ந்து இறங்கியது.

"அங்க எட்டு பேருக்கு ஒரு அடுக்களையாக்கும்" என்றாள். "ஒவ்வொருத்தருக்கும் நேரம் எழுதி ஒட்டியிருப்பாவ. எனக்க நேரம் காலத்த நாலர மணி. அப்பம் செஞ்சு வச்சத மூணு நேரமும் தின்னணும். பதினாலு வருசமா ஒரு சாளை மீனச் சூடா பொரிச்சுத் தின்னதில்லக்கா."

நான் பேசாமல் இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை.

"இந்த ஜன்னல் வடக்குப் பாத்தது. மீன் பொரிச்சா பொக நேர வெளிய போயிரும். முன்னறைக்கு வராது" என்றேன். "சிங்க் தண்ணி வாழைக்குப் போகும். இந்த மூலையில இருக்க டிராயர் புளியும் உப்பும் வைக்கதுக்கு. கை நீட்டினா எட்டும், பாரு."

அவள் கை நீட்டினாள். எட்டியது.

எனக்காக நான் யோசித்து யோசித்து வைத்த ஒவ்வொன்றையும் அவளுக்கு எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தேன். இத்தனை வீட்டிலும் இவ்வளவு மனசறிந்து நான் பேசியதில்லை. மற்ற வீடுகளை விற்பதற்காகப் புகழ்ந்தேன். இதை எனக்குப் பிடித்ததால் புகழ்ந்தேன். கேட்கிறவளுக்கு அந்த வித்தியாசம் தெரியாமலா இருக்கும்?

"நாலு மாசமா வீடு பாக்கேன்" என்றாள் ஸ்டெல்லா. "ஓதம் உண்டுன்னு சொன்ன மொத ஆளு நீங்கதான். உங்கள நம்பி வாங்கலாம்."

குறை சொன்னால் வாங்க மாட்டார்கள் என்று நினைத்தது எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு மட்டுமே வரக்கூடிய புத்தி. எல்லாரும் மறைக்கிற சந்தையில் ஒருத்தி சொல்லிவிட்டாள் என்றால் அவள் வீடு முதலில் போய்விடும் என்பது இருபது வருடத்தில் எனக்குத் தோன்றவே இல்லை.

ஸ்டெல்லா அடுப்பின் கண்ணாடியைத் தொட்டாள்.

"இதுல யாரும் சமைக்கலியே அக்கா? எனக்க கையால மொதல்ல பாலு பொங்கணும்னு ஒரு ஆச."

இவர் அடுக்களை வாசலில் வந்து நின்றிருந்தார். நான் இவரைப் பார்த்தேன். 'விக்கதுக்கு இல்ல' என்று கொத்தனாரிடம் சொன்ன அந்த வாய் இப்போது திறக்கும் என்று காத்திருந்தேன். இவரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையைக் குனிந்து தரை டைல்ஸின் இணைப்பைக் கால் விரலால் தடவினார்.

"இல்ல மக்கா. யாரும் பத்த வைக்கல" என்றேன்.

ஸ்டெல்லா அன்றைக்கே அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போனாள்.

பால்காய்ப்பு

பத்திரப் பதிவு முடிந்து, நாங்கள் மண்டைக்காட்டுப் பாதையில் அந்த ஓட்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். ஒன்பதாவது வீடு. பின்னால் ஒரு சாய்ப்பு. பெயிண்ட் டப்பாக்களை இறக்கி வைத்துவிட்டு, அவற்றின் நடுவில் அடுப்பை வைத்தேன். நான் சண்டை போடவில்லை. சண்டை போடத் தெம்பு வேண்டும். ஒரு வாரம் இவரோடு தேவைக்கு மட்டும் பேசினேன். பிறகு அதுவும் அலுத்துப்போய் வழக்கம்போலப் பேச ஆரம்பித்துவிட்டேன்.

ஸ்டெல்லா பால்காய்ப்புக்கு எங்களைக் கூப்பிட்டாள். விற்ற வீட்டுக்கு நாங்கள் திரும்பிப் போவதில்லை. இது நாங்களாக வைத்துக்கொண்ட வழக்கம். ஆனால் அவள் மூன்று தடவை போன் செய்துவிட்டாள்.

சர்ச்சிலிருந்து சாமியார் வந்து, ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்து வீட்டை மந்திரித்தார். உறவுக்காரர்கள் அடுக்களையில் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். நான் பின்னால், அயனிக் கதவை ஒட்டி நின்றேன். கதவில் எண்ணெய் மணம் இன்னும் இருந்தது. ஸ்டெல்லா மெழுகுதிரி ஏற்றி, சிலுவை போட்டுக்கொண்டு, அடுப்பைப் பற்றவைத்தாள். நான் பற்றவைத்த அதே பர்னர். பால் பொங்கி வழிந்தபோது அவள் அழுதாள்.

முதல் கிளாஸை மாதா படத்தின் முன் வைத்தாள். இரண்டாவதை எனக்குக் கொண்டுவந்தாள்.

"நீங்கதானக்கா இத எனக்கு வச்சிருந்தது" என்றாள்.

குடித்தேன். சீனி தூக்கலாக இருந்தது. இவரும் குடித்தார். ரெண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

ஸ்கூட்டரில் திரும்பி வரும் வழியெல்லாம் எதிர்க்காற்று. வீட்டுக்கு வந்து சாய்ப்பில் சாயா போட்டுக் கொடுத்தேன். இவர் ஒரு பெயிண்ட் டப்பாவின்மேல் உட்கார்ந்து குடித்தார். பாதியில் நிறுத்தினார்.

"ஏட்டி."

"என்ன?"

"அன்னைக்குக் காலத்த நீ தந்த சாயாவுல தின்னர் மணம் இல்ல."

நான் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

"ஒரு வாய் குடிச்சதுமே தெரிஞ்சு போச்சு, எங்க வச்சுப் போட்டன்னு" என்றார். "அந்தப் பிள்ள போனதும் பாத்தேன். பர்னருக்கு அடியில பாலு காஞ்சு கெடந்துச்சு. நாந்தான் தொடச்சேன்."

"தெரிஞ்சுமா வித்தீங்க?"

"நீ சொல்லுவேன்னு பாத்துட்டு நின்னேன். அவ கேக்கும்போ, 'நான் பாலு காச்சிட்டேன்'னு ஒரு வார்த்த நீ சொல்லியிருந்தா, அங்கேயே திருப்பி அனுப்பியிருப்பேன். நீயே இல்லன்னு சொன்ன பெறகு நான் என்னத்தச் சொல்ல?"

எனக்குக் கோபம் வரவில்லை. ஆச்சரியமாக இருந்தது. அந்த வாசலில் இவர் எனக்காகக் காத்து நின்றிருக்கிறார், நான் இவருக்காகக் காத்து நின்றிருக்கிறேன். நடுவில் அந்தப் பெண் ஆசையோடு நின்றிருக்கிறாள்.

"இருவது வருசமா வாறவங்க கேக்கும்போ நான் வேற என்னத்தத்தான் சொன்னேன்?" என்றேன்.

இவர் மிச்சச் சாயாவையும் குடித்துவிட்டு, கிளாஸைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

ஒசரம்

ஸ்டெல்லா இந்தப் பத்திரிகையை வாங்குகிறவள். இந்தத் தொடர் வந்த முதல் வாரமே போன் செய்து, 'அக்கா, எழுத்துல பேசுற மாதிரியே இருக்கு' என்று சொன்னவள். இதையும் படிப்பாள். அதனால் அவளிடம் நேராகச் சொல்லிவிடுகிறேன். மக்கா, அந்த அடுப்பில் முதலில் பொங்கியது உன் பால் இல்லை. அரை லிட்டர் பாக்கெட் ஒன்று, உனக்கு முன்னால் அங்கே பொங்கி வழிந்தது. ரெண்டு பேர் அதைச் சாயாவாகக் குடித்தோம். எங்களுக்கு இருந்த ஒரே பால்காய்ப்பு அது. நான் பொய் சொன்னதை நீ மன்னிக்க வேண்டும். நீ சாளை பொரிக்கும் நாளெல்லாம் அந்த வீடு நன்றாக இருக்கட்டும்.

ஒன்பதாவது வீட்டில் அடுக்களை வேலை நடக்கிறது. பழைய மேடையை இடித்தாகிவிட்டது. நேற்றுக் காலையில் இவர் என்னைக் கூப்பிட்டார். கையில் சுண்ணாம்புக் கட்டி இருந்தது. தலைமைக் கொத்தனார் மட்டப்பலகையோடு நின்றுகொண்டிருந்தார்.

"இங்கோடி வந்து நில்லு" என்றார் இவர். "எவ்வளவு ஒசரத்துக்குப் போடட்டும்? முழங்கைய மடக்கிக் காட்டு."

இவர் முகத்தைப் பார்த்தேன். உண்மையாகத்தான் கேட்டார். எட்டாவது வீட்டிலும் உண்மையாகத்தான் கேட்டார். நான் கையை மடக்கவில்லை.

"விக்கிய ஒசரத்துக்கே போடுங்க" என்றேன்.

சொல்லிவிட்டுச் சாய்ப்புக்குப் போய்ச் சாயாவுக்குத் தண்ணீர் வைத்தேன்.